பழம் கிடைக்காதவனும் கொடுமுடி அம்மாவும்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன கிருத்திகைக்கே எழுதியிருக்கணும். ஆபீஸ்ல ரிலீஸ் வேலை இழுத்துட்டுப் போனதால தள்ளிப் போச்சு. மன்னிச்சுக்கோங்க.

தள்ளிப் போனதும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான். நடுவுல ஒரு தம்பிகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. நம்ம பதிவுகளைத் தொடர்ந்து படிக்கிற தம்பி, பெயர் வேண்டாம். அவர் எழுதினது இவ்வளவுதான்:

"அண்ணா, 48 நாள் வேல்மாறல் படிச்சேன். ஒரு நாள் கூட விடல. 49-வது நாள் வேலை போச்சு. இனிமே நான் எதுக்கு முருகான்னு சொல்லணும்? கோவத்துல கேக்கல அண்ணா. உண்மையாவே தெரியாமதான் கேக்கறேன்."

ரெண்டு நாள் நான் பதில் போடல. "எல்லாம் நன்மைக்கே தம்பி, முருகன் பார்த்துப்பான்"னு ஒரு வரி தட்டிவிட்டு, கை கூப்பின எமோஜி ரெண்டு போட்டு முடிச்சிருக்கலாம். இதே மாதிரி ஒரு நாள் எனக்கும் அந்த மாதிரி வரிகள் நிறைய வந்துச்சு. ஒண்ணும் உள்ள போகல. அதனால அந்தப் பதிலை அனுப்ப மனசு வரல. இந்தப் பதிவுதான் அந்தத் தம்பிக்கு என் பதில். நீங்களும் கூட உட்கார்ந்து படிங்க.

இன்னைக்கு ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லப் போறேன். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். நம்ம தாத்தா பாட்டி காலத்து ஆளுன்னு தாண்டிப் போயிடாதீங்க. கார்த்திகை, சஷ்டி, தைப்பூசம் வந்தா ஸ்பீக்கர்ல முதல்ல எழுந்து வர்ற அந்தக் கணீர்க் குரலுக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஔவையார்னு சொன்னதும் தலை நரைச்சு, கையில் கோலோட, நெத்தி நிறைய விபூதியோட ஒரு உருவம் நம்ம மனசுல வருதே, அந்த முகமும் அவரோடதுதான்.

பசிச்ச குழந்தை

ஈரோடு மாவட்டத்துல காவிரிக்கரையில இருக்கிற ஊர் கொடுமுடி. மகுடேசுவரர் கோயில் இருக்கிற பாடல் பெற்ற தலம். "நான் உன்னை மறந்தே போனாலும் என் நாக்கு உன் பெயரை மறக்காது" என்ற பொருள்ல சுந்தரர் பதிகம் பாடினது இந்த ஊர்லதான். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1908-ல் அந்த ஊர்ல பாலாம்பாள் அம்மாவுக்கு மகளாப் பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னாடி இருக்கிற கே. என்பது கொடுமுடி, பி. என்பது அம்மா பாலாம்பாள். வீட்டுல கடுமையான வறுமை. சின்ன வயசுல ரயில்ல பாடி, கிடைக்கிற காசை வீட்டுக்குக் கொண்டு போனவர்னு சொல்வாங்க. அந்தக் குரல் ரயில்வே அதிகாரியாவும் நாடகப் பிரியராவும் இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் காதுல விழுந்திருக்கு. அவர் வழியா வேலு நாயர் நாடகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கார்.

அங்க கிடைச்ச ஆரம்ப வேஷம் என்ன தெரியுமா? நல்லதங்காள் நாடகத்துல நல்லதங்காளோட பிள்ளைகள்ல ஒருத்தன். பஞ்சத்துல வயிறு காய்ஞ்சு அம்மாகிட்ட சோறு கேட்கிற பையன் வேஷம். பசிக்குதுன்னு மேடையில நின்னு பாடணும்.

அந்தக் குழந்தைக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ரயில் பெட்டிக்குள்ள பாடினதை மேடையில பாடினா போதும். ஒரு நாள் வலியா இருந்தது அடுத்த நாள் தொழிலா ஆயிடுச்சு. இதையும் மனசுல வச்சுக்கோங்க.

வள்ளி

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். மைக் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சா விடியற வரைக்கும் போகும். வசனத்தை விடப் பாட்டுதான் அதிகம். கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் கேட்கிற மாதிரி உச்சத்துல பாடணும். தொண்டை தாங்கினா நீ நடிகர், தாங்காட்டி வீட்டுக்குப் போகலாம். சுந்தராம்பாள் அம்மாவோட குரல் நம்ம ஹெட்செட்டைக் கூடக் கிழிச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்குன்னா, அது அந்த மேடைகள்ல உரமேறின குரல்.

அந்த மேடைகள்ல பெரிய பெயர் வாங்கின நாடகம் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. தினைப்புனத்துல பரண் மேல நின்னு வள்ளி கிளி விரட்டுவா. வேடனா வருவார் முருகன். வழி கேட்கிற மாதிரி பேச்சுக் கொடுப்பார். வள்ளி விட மாட்டா, பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. அப்புறம் கிழவனா வருவார். கடைசியில யானை வரும், வள்ளி பயந்து ஓடி வந்து கட்டிக்குவா. நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். இன்னைக்கும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்கள்ல ராத்திரி முழுக்க நடக்குது.

சுந்தராம்பாள் அம்மா வள்ளி. முருகனா வந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. சங்கீத மேடையில இருந்தவங்களே அசந்து போன குரல் அவருக்கு. ரெண்டு பேரும் இலங்கை மேடைகள்ல சேர்ந்து நடிக்க ஆரம்பிச்சு, தமிழ்நாடு முழுக்கப் புகழ் பெற்று, வாழ்க்கையிலயும் சேர்ந்தாங்க. அந்த வாழ்க்கை நிம்மதியா இருந்ததுன்னு சொல்ல முடியாது. அவருக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்துச்சு. மனஸ்தாபம், பிரிவு, கடிதம்னு நிறைய வேதனை. அதுக்குள்ள நாம போக வேண்டாம்.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா போயிட்டார். வயசு 27. அம்மாவுக்கு 25.

கொஞ்சம் நில்லுங்க. நம்ம வயசு அது. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு 25-தான் இருக்கும்.

ராத்திரி ராத்திரி எந்த முகத்தைப் பார்த்து "முருகா"ன்னு பாடினாரோ அந்த முகம் போயிடுச்சு. நமக்கு ஒரு கஷ்டம் வந்தா முருகன் ஒரு பக்கம் இருப்பார், கஷ்டம் இன்னொரு பக்கம் இருக்கும். அவருக்கு ரெண்டும் ஒண்ணாப் பின்னிக் கிடந்திருக்கும். முருகா என்ற வார்த்தையைச் சொன்னாலே அந்த மேடையும் அந்த ஆளும் ஞாபகம் வந்திருக்கும். அப்போ அவர் முருகனைப் பாடுறதை நிறுத்தியிருந்தா யாராவது தப்புச் சொல்லியிருப்பாங்களா?

வெள்ளைப் புடவைக்கு மாறினார். கொஞ்ச காலம் மேடையை விட்டே ஒதுங்கி இருந்தார். இனிமே எந்த ஆண் நடிகரோடயும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தார். அதைக் கடைசி வரைக்கும் காப்பாத்தினார். ஆனா பாட்டை விடல. முருகனையும் விடல.

என் கதை கொஞ்சம்

இந்த இடத்துல என் கதையைச் சொல்லாம விட்டா நான் ஏதோ மேல நின்னு உபதேசம் பண்ற மாதிரி ஆயிடும்.

எங்க அப்பா வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி எடுப்பார். கொங்குப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். கொடுமுடி போய்க் காவிரியில குளிச்சு, செம்புல தீர்த்தம் எடுத்து, காவடியில கட்டி, தோள்ல சுமந்து, பழநி வரைக்கும் நடக்கணும். வெயில் காலத்துல முருகனைக் குளிர வைக்கிற தண்ணி அது. நான் இன்ஜினியரிங் படிக்கிறப்போ ரெண்டு வருஷம் கூட நடந்திருக்கேன். அப்பா நடக்கிறப்போ பேச மாட்டார். போன்ல சுந்தராம்பாள் அம்மா பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும். எனக்கு அப்போ அது பழைய பாட்டு, அவ்வளவுதான். இயர்போன்ல வேற ஏதாவது கேட்டுக்கிட்டு வருவேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கந்த சஷ்டி. நான் முதல் தடவையா ஆறு நாளும் விரதம் இருக்கேன். வேலை கிடைச்சு, கொஞ்சம் காசு சேர்ந்து, அப்பாவுக்கு ரொம்ப நாளா இருந்த இதயப் பிரச்சினைக்கு நல்லபடியா வைத்தியம் ஆகணும்னு வேண்டிக்கிட்டு இருந்த விரதம். நாலாம் நாள் அப்பா போயிட்டார்.

சூரசம்ஹாரத்து அன்னைக்கு நான் எங்க இருந்திருக்கணும், எங்க இருந்தேன்னு நினைச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் எந்த முருகன் கோயிலுக்கும் போகல. போன்ல இருந்த வேல் படத்தை மாத்திட்டேன். இந்த குரூப்பை மியூட்ல போட்டேன். யாராவது அரோகரான்னு அனுப்பினா எரிச்சலா வரும். கும்பிட மாட்டேன்னு சத்தியம் எல்லாம் பண்ணல. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி மாதிரி இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்பாவோட பழைய போன்ல சுந்தராம்பாள் அம்மா பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு.

"எப்படிம்மா உன்னால இதைக் கேட்க முடியுது? உனக்கு அவன் மேல கோவமே இல்லியா?"

அம்மா கத்தியைக் கீழ வைக்கல. நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"ஏன் கண்ணு இல்லாம? நெறைய இருக்குது. தினமும் விளக்கு வைக்கறப்ப நல்லா கேட்டுப் போடுவேன் அவனை. அதுக்காகப் பேசாம இருந்தா, அப்புறம் நான் யாருகிட்டப் போயிக் கோவப்படறது?"

அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம், "சோறு வடிக்கணும், அந்தப் பக்கம் நகரு"ன்னாங்க.

முருகனே கோவிச்சுக்கிட்டுப் போனவன்தானே

அன்னைக்கு ஓடின பாட்டு எந்தப் படத்துல வருதுன்னு ராத்திரி தேடினேன். 1965-ல் வந்த திருவிளையாடல். ஏ.பி. நாகராஜன் இயக்கினது, கே.வி. மகாதேவன் இசை. படத்தோட ஆரம்பத்துலயே வர்ற ஞானப்பழக் கதை. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா அன்னைக்கு ராத்திரி நான் அதை முதல் தடவையாப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

நாரதர் பழம் கொண்டு வர்றார். உலகத்தை யார் முதல்ல சுத்தி வர்றாங்களோ அவங்களுக்குப் பழம். நம்ம முருகன் மயில் ஏறிக் கிளம்பிட்டான். மலை, கடல், காடு எல்லாம் தாண்டி உண்மையாவே உலகத்தைச் சுத்திட்டான். குறுக்கு வழி போகல. ஒரு அடி கூட விடல. திரும்பி வந்து பார்த்தா, பழம் அண்ணன் கையில.

தம்பி, இப்போ உங்க மெசேஜை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. 48 நாள், ஒரு நாள் கூட விடல. 49-வது நாள் பழம் வேற எங்கயோ போயிடுச்சு.

நம்ம சாமி யாரு? சொன்ன வேலையை முழுசாச் செஞ்சும் பழம் கிடைக்காதவன். அந்த வலி அவனுக்குத் தெரியாத வலி இல்ல. பழநி மலை மேல ஒரு கோவணத்தோட, ஒரு தண்டத்தோட நிக்கிறானே, அது வெற்றி பெற்ற ராஜா கோலமா? எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு வெளிய வந்த பிள்ளையோட கோலம். நாம வேலை போன அன்னைக்கும், ஆள் போன அன்னைக்கும் போய் நிக்கிறதுக்குப் பழநியை விட்டா வேற எந்த சந்நிதி இருக்கு?

இப்போ ஔவையாருக்கு வருவோம். கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளையைச் சமாதானப்படுத்த ஔவைப் பாட்டி வர்றாங்க. நீயே பழம் அப்பா, உனக்கு எதுக்கு இன்னொரு பழம்னு சொல்றாங்க. அதனாலதான் அந்த ஊருக்குப் பழநின்னு பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. சுந்தராம்பாள் அம்மா அந்தப் பாட்டைப் பாடுறப்போ அவருக்கு 56 வயசு. எதிர்ல நிக்கிறது குழந்தை முருகன்.

25 வயசு வரைக்கும் வள்ளியா நின்னு, "நீ எனக்கு வேணும்"னு முருகனைப் பார்த்துப் பாடினவர். 56 வயசுல ஔவையா நின்னு, "ஏன் சாமி உனக்குக் கோவம்?"னு அதே முருகனைப் பார்த்துக் கேட்கிறார். நடுவுல 30 வருஷத்துக்கு மேல போயிருக்கு. கோவப்பட வேண்டியவர் யாரு, ஆறுதல் சொல்ல வேண்டியவர் யாரு? கணக்குப்படி முருகன்தான் இவருக்கு ஆறுதல் சொல்லணும். இவர் போய் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்கார். அந்தக் குரல்ல பாருங்க, கெஞ்சல் இல்ல, பயம் இல்ல. பேரனைக் கண்டிக்கிற பாட்டியோட உரிமை இருக்கும்.

இன்னொண்ணும் கவனிங்க. ஔவை என்ன கேட்டாங்க? கோவத்தை விட்டுட்டு வீட்டுக்கு வான்னு கேட்டாங்க. முருகன் வந்தானா? வரல. மலையிலயே நின்னுட்டான். ஔவையே நேர்ல போய், அவ்வளவு தமிழ்ல கேட்டும், கேட்டது கேட்ட மாதிரி நடக்கல. ஆனா அவன் இறங்கி வராததாலதான் நமக்குப் பழநி கிடைச்சுது.

இதை நான் உங்க வேலை போனதுக்குச் சமாதானமாச் சொல்லல தம்பி. எங்க அப்பா போனதுக்கு இது வரைக்கும் எனக்குக் காரணம் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஔவை கேட்டதே நடக்கலன்னா, நம்ம வேண்டுதல் நடக்காததுக்கு நம்ம பக்தியில குறைன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒண்ணை மட்டும் உறுதியாச் சொல்வேன். யாராவது உங்ககிட்ட, "நீ படிச்ச முறை சரியில்ல, உச்சரிப்புத் தப்பு, அதான் பலிக்கல"ன்னு சொன்னா அதைக் காதுல வாங்காதீங்க.

இடைவெளி விழுந்த வாழ்க்கை

சுந்தராம்பாள் அம்மாவோட சினிமா வாழ்க்கையை ஒரு ரெஸ்யூமே மாதிரி எழுதிப் பார்த்தேன். நம்ம ஹெச்.ஆர். பார்த்தா முதல்ல கேட்கிற கேள்வி, "ஏன் இவ்வளவு கேப்?" என்பதாத்தான் இருக்கும்.

முதல் படம் 1935-ல் நந்தனார். ஆண் நடிகரோட ஜோடி சேர மாட்டேன்னு சொன்னவர், ஆண் வேஷமான நந்தனாராவே நடிச்சுட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்துல யாரும் நினைச்சுப் பார்க்காத தொகை. ஆனா படம் எதிர்பார்த்த மாதிரி போகல.

அடுத்தது 1940-ல் மணிமேகலை. அட்சய பாத்திரத்தோட ஊரோட பசியைத் தீர்த்தவ வேஷம்.

அதுக்கப்புறம் 13 வருஷம் படமே இல்ல. 1953-ல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த ஔவையார். அது தமிழ்நாடே கொண்டாடின படம். சரி, இனிமே வரிசையா வரும்னு பார்த்தா, மறுபடியும் 11 வருஷம் கேப். 1964-ல் பூம்புகார், கவுந்தி அடிகள் வேஷம். ஆக, 29 வருஷத்துல நாலே படம்.

இந்த இடைவெளியில அவர் சும்மா இருந்தாரா? இல்ல. சத்தியமூர்த்தியோட காங்கிரஸ் மேடைகள்ல ஊர் ஊராப் பாடினார். கச்சேரி பண்ணினார். காந்தி அவர் வீட்டுக்கு வந்தப்போ தங்கத் தட்டுல சாப்பாடு பரிமாறி, காந்தி கேட்டதும் அந்தத் தட்டையும் பொது நிதிக்குக் கொடுத்துட்டார்னு சொல்வாங்க. ரயில்ல காசுக்குப் பாடின அதே கை. 1951-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினரா ஆனார். சட்டமன்ற அவைக்குள்ள போன முதல் திரைக் கலைஞர்னு அவரைச் சொல்வாங்க.

அவரோட பெரிய அலை 56 வயசுக்கு மேலதான் வந்துச்சு. திருவிளையாடலுக்கு அப்புறம் மகாகவி காளிதாஸ். 1967-ல் கந்தன் கருணையில மறுபடி ஔவை, மறுபடி முருகனுக்கு எதிர்ல. 1969-ல் சின்னப்பா தேவர் எடுத்த துணைவன். அந்தப் படத்துல பாடினதுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் காரைக்கால் அம்மையார். 1980-ல் மறைஞ்சார்.

வேஷங்களை வரிசையா வச்சுப் பாருங்க. பசிச்ச பிள்ளை, வள்ளி, நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். கோயிலுக்கு உள்ள விடாம வெளிய நிறுத்தப்பட்டவர், பிச்சைப் பாத்திரத்தோட திரிஞ்சவ, இளமை வேண்டாம்னு கேட்டுக் கிழவி ஆனவங்க, பேய் உருவம் கேட்டு வாங்கினவங்க. அழகு, ஜோடி, டூயட் எதுவும் இல்லாத வேஷங்கள். கதாநாயகி வாழ்க்கை முடிஞ்சு போச்சுன்னு உலகம் நினைச்ச இடத்துல இருந்துதான் இது எல்லாம் வந்துச்சு. முருகன் அவருக்கு இழந்ததைத் திருப்பித் தரல. கிட்டப்பா திரும்பி வரல. அந்தத் துக்கத்தோட போய் நிக்கிறதுக்கு ஒரு இடம் கொடுத்தான்.

ஆரம்பத்துல சொன்னேனே, ரயில்ல இருந்த வலி மேடையில தொழிலாச்சுன்னு. அதே மாதிரிதான் 1933-ல் வந்த வலியும் ஔவையா ஆச்சுன்னு எனக்குத் தோணுது. பழைய சுந்தராம்பாள் அம்மா பாட்டைக் கேட்டு நம்ம அப்பாக்கள் ரோட்டுல நடந்துக்கிட்டே கண் கலங்கினாங்கன்னா, அதுக்கு ராகமும் தாளமும் மட்டும் காரணமா இருக்காது.

இந்த வாரம் செய்ய மூணு விஷயம்

நம்ம பதிவு எப்பவும் போலச் செய்யறதுக்கு ஏதாவது சொல்லித்தான் முடியணும்.

ஒண்ணு. முருகன்கிட்டக் கோவம் இருந்தா அதை அவன்கிட்டயே சொல்லுங்க. சாமி படத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் உட்காருங்க. ஸ்லோகம் வேண்டாம், பாராயணம் வேண்டாம். என்ன வலிக்குதோ அதை வாய் விட்டுச் சொல்லுங்க. எங்க அம்மா சொன்ன மாதிரி, நல்லா கேட்டுப் போடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க.

ரெண்டு. சுந்தராம்பாள் அம்மா பாட்டு ஒண்ணை முழுசாக் கேளுங்க. ரீல்ஸ்ல வர்ற 30 விநாடி இல்ல, முழுப் பாட்டு. போனைத் திருப்பி வச்சுட்டு, கண்ணை மூடிக் கேளுங்க. மைக் இல்லாத மேடையில விடிய விடியப் பாடின குரல் இதுன்னு நினைச்சுக்கிட்டுக் கேளுங்க.

மூணு. பசியோட இருக்கிற ஒருத்தருக்கு ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுங்க. போட்டோ எடுக்க வேண்டாம். அந்த அம்மா முதல்ல பாடினது பசியைத்தான்.

வேலை போன தம்பிக்குத் தனியா ஒண்ணு. உங்க ரெஸ்யூமேவை எனக்கு அனுப்புங்க, நான் பார்த்துத் திருத்தித் தர்றேன். எங்க டீம்ல இப்போ ஆள் எடுக்கல, ஆனா எடுக்கிற இடம் ரெண்டு மூணு தெரியும். நம்ம குரூப்ல ஐ.டி.யில இருக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க, உங்க கம்பெனியில இடம் இருந்தா எனக்குச் சொல்லுங்க. 48 நாள் ஒரு நாள் விடாமப் படிச்ச பையன், வேலையையும் அப்படித்தான் செய்வான். வேல்மாறல் மறுபடி படிக்கிறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. படிக்கலன்னாலும் நீங்க முருகனுக்கு வேண்டாதவர் ஆயிட மாட்டீங்க.

சுந்தரர் கொடுமுடியில பாடினதை ஆரம்பத்துல சொன்னேன். நான் மறந்தாலும் நாக்கு மறக்காதுன்னு. அந்த எட்டு மாசத்துல ஒரு நாள் பைக்ல போறப்போ ஒரு லாரி உரசுற மாதிரி வந்துச்சு. என் வாயில வந்த வார்த்தை "முருகா". பேச்சு வார்த்தையே இல்லாத காலத்துல! அன்னைக்கு எனக்கே என் மேல கோவம் வந்துச்சு. இப்போ யோசிச்சா சிரிப்பு வருது.

போன பங்குனியில அப்பாவோட காவடியை நான் எடுத்தேன். அம்மாதான் பரண்ல இருந்து இறக்கித் துடைச்சுக் கொடுத்தாங்க. செம்பு ரெண்டும் கறுத்துப் போயிருந்துச்சு, புளி போட்டுத் தேய்ச்சாங்க. கொடுமுடி காவிரியில முங்கி, தண்ணி மொண்டு, வாயைக் கட்டி, தோள்ல வச்சதும்தான் தெரிஞ்சுது, இது எவ்வளவு கனம்னு. அப்பா ஒரு வருஷம் கூடக் கனமா இருக்குன்னு சொன்னதில்ல.

தாராபுரம் தாண்டி நடக்கிறப்போ கால் கொப்புளம் வெடிச்சு, வெயில் தலையில இறங்கி, இனி முடியாதுன்னு ரோட்டோர வேப்பமரத்தடியில உட்கார்ந்துட்டேன். கூட வந்த பெரியவர் ஒருத்தர் மோர் கொடுத்தார். பாக்கெட்ல இருந்து போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன். ஊரை விட்டுப் போன பிள்ளையை ஒரு கொடுமுடிக்காரப் பாட்டி கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க ஊர்த் தண்ணி என் தோள்ல இருக்கு. அவன் இறங்கி வர மாட்டான், நமக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அதனால நாமதான் ஏறிப் போகணும்.

எந்திரிச்சு நடந்தேன்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

(இதைப் படிச்சதும் வேண்டுதல் பலிக்கலன்னு மனசு விட்டுப் போயிருக்கிற ஒரு நண்பர் ஞாபகம் வந்தா, அவருக்கு மட்டும் அனுப்புங்க. பத்துப் பேருக்கு அனுப்பினா நல்லது நடக்கும்னு எல்லாம் நம்ம பதிவுல கிடையாது. அவருக்கு அனுப்பிட்டு, ஒரு போனும் பண்ணிப் பேசுங்க.)